எரிக்கவில்லை எஸ்தர், புதைத்தோம்

என் கண்ணெதிரே இல்லாவிட்டாலும் என் வாயைவிட்டு ஒருநாளும் இறங்காத எஸ்தருக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் நினைவு ஜெபம். வழக்கமாக உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, வந்தவர்களுக்குப் பன்னும் காபியும் கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்தத் தடவை அப்படி இல்லை. நான் சொல்வதை எழுதி, எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லப் போகிறேன். உன்னிடம் சொல்வதை ஊரும் கேட்கட்டும்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். சொல்வது நான், எழுதுவது உன் மருமகள் லில்லி. நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெலுங்குதான் எழுத வரும். இவள் திருத்தணிப் பக்கம் தமிழில் படித்தவள், அதனால் இந்த வேலை இவள் தலையில் விழுந்தது. தன் புருஷனைப் பற்றி நான் சொல்வதையும் இவள்தான் எழுதியாக வேண்டும். "மாத்தாம எழுதுவியாம்மா?" என்று கேட்டேன். "சொல்லுங்க மாமா, கை நோவுற வரைக்கும் எழுதறேன்" என்கிறாள்.

எஸ்தர், உன் கல்லறையில் சிலுவை இல்லை.

புத்தூர் வெல்டிங் கடையில் செய்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, மேலே தமிழிலும் கீழே தெலுங்கிலும் உன் பேர் எழுதி நட்டோமே, அந்த இரும்புச் சிலுவை. எனக்கு உலகத்தில் வாசிக்கத் தெரிந்தது அந்த ஒரு பேர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து ஏரிக்கரைக்கு நடந்து வருவேன், விரலால் அதைத் தடவிப் பார்ப்பேன், வீட்டுக்குப் போவேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்து பார்த்தால், சிலுவை நின்ற இடத்தில் ஒரு குழி இருந்தது. குழியைச் சுற்றி மண்ணைக் காலால் தள்ளி மூடப் பார்த்திருக்கிறார்கள், சரியாக மூடவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஊர்க்காரன் வேலை என்றுதான் நினைத்தேன். வடமாலபேட்டை ரோட்டில் டீக்கடை முன்னால் நின்று, செத்தவள் உங்களுக்கு என்ன செய்தாள் என்று சத்தம் போட்டேன். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லில்லி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, கத்தாதீங்க. வீட்டுக்கு வாங்க."

"எவன்னு தெரியாம வரமாட்டேன்."

"உங்க புள்ளைதான் மாமா."

அவளோடு வீட்டுக்கு நடந்தேன். பிறத்தியான் பிடுங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும் எஸ்தர். அவனைத் திட்டி முடித்துவிட்டுப் படுத்திருப்பேன். உன் வயிற்றில் பிறந்தவன் உன் தலைமாட்டிலிருந்து பிடுங்கியிருக்கிறான், என்னத்தைச் சொல்லித் திட்டுவது?

ஏன் பிடுங்கினான் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நம் பேத்தி சுகுணாவுக்குத் திருப்பதியில் நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. நல்ல மார்க். எஸ்.சி. சர்டிபிகேட் கொடுத்துக் கிடைத்த சீட்டு. அந்த நேரம் பார்த்து ஒருவன் மனு போட்டுவிட்டான். இவர்கள் குடும்பமே சர்ச்சுக்குப் போகிறது, ஆகவே இவர்கள் எஸ்.சி. இல்லை, சர்டிபிகேட்டை ரத்துசெய்ய வேண்டும் என்று. சட்டமும் அப்படித்தான் இருக்கிறதாம். கோயிலுக்குப் போனால் நாம் காலனிக்காரர்கள். சர்ச்சுக்குப் போனால் வேறு சாதி, வேறு காகிதம், அந்தக் காகிதத்துக்கு இந்தச் சீட்டு கிடையாது. தாசில்தார் ஆபீசிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் உன் மகன் முந்திக்கொண்டான்.

மனு போட்டது யார் தெரியுமா? மணியக்காரர் பேரன். போன பஞ்சாயத்து எலக்ஷனில் காலனி தனக்கு ஓட்டுப் போடவில்லை என்ற கோபம் அவனுக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவன் தாத்தா என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. நாம் சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் இரண்டு சீசன் வேலை செய்துவிட்டு, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய வருஷம். ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை வந்தது. எங்கள் வீட்டார் காலங்காலமாகப் பறை அடிக்கிறவர்கள். இனிமேல் நான் ஜாத்திரைக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மணியக்காரரே நம் வாசலுக்கு வந்துவிட்டார். வெயிலில் நின்றுகொண்டு கேட்டார்.

"சாமிய மாத்திக்கினா சாதி மாறிடுமாடா? கை அதே கைதானே? எடுடா பறைய."

பொய் சொல்லவில்லை, எடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே திரும்பினேன். நீ குறுக்கே வந்து நின்றாய். கையில் சாமுவேல், இன்றைக்குச் சிலுவையைப் பிடுங்கியவன், அன்றைக்கு ஒன்றரை வயசுப் பிள்ளை.

"கை எங்களுதுங்க. யாருக்கு அடிக்கணும்னு நாங்கதான் சொல்லணும்" என்றாய்.

அந்த வருஷம் முழுக்க ஊரில் ஒருவரும் நமக்கு வேலை கொடுக்கவில்லை. கிணற்றுப் பக்கம் விடவில்லை. ஏர்பேடு பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போய்ப் பிழைத்தாய். பிடுங்கிப் பிடுங்கி நகம் பிய்ந்து, கஞ்சித் தட்டைப் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் ஏந்தித் தின்றதைப் பார்த்தேன். ஒருநாளாவது என்னைக் குறை சொல்லியிருப்பாயா?

அன்றைக்குத் தாத்தா, சாமி மாறினாலும் சாதி மாறாது என்று சொல்லி நம்மை வதைத்தார். இன்றைக்குப் பேரன், சாமி மாறியதால் சாதி மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்து வதைக்கிறான். இரண்டில் எது உண்மை? ஆபீசில் உட்கார்ந்திருக்கிற படித்தவர்கள் சொல்லட்டும். ஞானஸ்நானத் தண்ணீரில் நம் சாதி கரைந்துவிட்டது என்றால், போன தையில் அந்த வீட்டுக் கல்யாணத்தில் நம் காலனிக்கு ஏன் தனிப் பந்தி போட்டார்கள்? அந்தப் பந்தியில் சர்ச்சுக்குப் போகிறவன், போகாதவன் என்று பிரித்தா இலை போட்டார்கள்?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. முதல் பொய் என்னுடையது. சாமுவேலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, வாத்தியார், ஞானஸ்நானப் பேரெல்லாம் எழுதினால் பையனுக்கு ஸ்காலர்ஷிப் வராது என்றார். நான் தலையாட்டினேன். யாக்கோபாகிய நான் எல்லப்பன் ஆனேன். எஸ்தர் ஈஸ்வரி ஆனாள். சாமுவேல் சுப்பிரமணி ஆனான். அடியில் நான் கட்டைவிரலை வைத்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, "காகிதத்துல எங்கள மறைச்சிட்டே. வாயில மறைச்சிடாதே" என்று மட்டும் சொன்னாய். பேத்தி பிறந்தபோது இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சுகுணா என்று வைத்தோம். நம் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

சாமுவேல் வேலை முடித்துத் திருப்பதியிலிருந்து வந்ததும் கேட்டேன். சிலுவையை யூரியா சாக்கில் சுற்றி ஆட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறானாம். அதைச் சொல்லும்போது தலையைக் குனியக்கூட இல்லை.

"நைனா, நீயும் அம்மாவும் பட்டினி கெடந்தீங்க, சரி. எம்பொண்ணும் கெடக்கணுமா? இந்தப் பக்கம் எத்தினி பேரு இப்டித்தான் வெச்சிக்கினு இருக்காங்க. நாயித்துக்கெழம ஒரு பேரு, ஆபீசுல ஒரு பேரு. நம்மள மட்டும் எதுக்கு நோண்டுறாங்க?"

"பேரு ரெண்டு வெச்சிக்கோ. அம்மா ஒருத்திதானே?"

"அம்மா இருந்தா அவங்களே புடுங்கி வெச்சிருப்பாங்க."

இதைச் சொன்னதற்குத்தான் அவனை மன்னிக்க எனக்கு நாளாகிறது. பிடுங்கியதற்கு இல்லை.

சபைப் போதகரிடம் போய்ச் சொன்னேன். சிங்கத்தின் வாய்க்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்கிறவர். "கொஞ்ச நாளைக்குத்தானே ஐயா, அனுசரிச்சுப் போங்க. உள்ளத்துல விசுவாசம் இருந்தாப் போதும்" என்றார். இந்தக் கடிதத்தை வாசிக்கப் போவது அவர்தான். இந்த வரியையும் அவர் வாயாலேயே வாசிக்கட்டும்.

விசாரணை நாள் வந்தது. வீட்டைப் பார்த்திருந்தால் நீ யார் வீடோ என்று திரும்பிப் போயிருப்பாய். சுவரில் இருந்த இயேசு காலண்டரைக் கழற்றியாயிற்று. வேதப்புத்தகம் அரிசி டிரம்முக்குள் போயிற்று. திருப்பதியிலிருந்து பெரிய பெருமாள் படம் வாங்கி வந்து, மாலை போட்டு, விளக்கு வைத்தான் சாமுவேல். அந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இத்தனை ஜனம் மலையேறிப் போய் உண்மையாகக் கும்பிடுகிற சாமி. அவரை எங்கள் வீட்டுப் பொய்க்குச் சாட்சியாகக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டானே என்றுதான் கூச்சமாக இருந்தது. லில்லி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றாள்.

லில்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா மாமா?" என்கிறாள். எழுதும்மா. உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ மனசில்லாமல் குங்குமம் வைத்ததை நான் பார்த்தேன், அதையும் சேர்த்து எழுது.

எனக்கு என்ன வேஷம் தெரியுமா? செவிடு. "நீ வாயத் தொறக்காதே நைனா. காது கேக்காதுன்னு சொல்லிடறேன்" என்று சொல்லி என்னை மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். நானும் உட்கார்ந்தேன் எஸ்தர். சுகுணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். புஸ்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். போகட்டும், பேசாமல் இருப்பது பொய்யில் சேர்த்தி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் ஆர்.ஐ. வந்தார். தாசில்தாருக்குக் கீழே விசாரிக்கிற அதிகாரி, நடுவயசு, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர். வாசலில் காலனியே நின்றது. மனு போட்டவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"பெத்தாயனா, பாகுன்னாரா?" என்று, பெரியவரே எனக் கூப்பிட்டு, என்னைத்தான் முதலில் நலம் விசாரித்தார்.

"அவுருக்குக் காது கேக்காது சார். ரொம்ப நாளாச்சி."

"சரே. அம்மா?"

"எறந்துட்டாங்க சார்."

"பொதைச்சீங்களா, எரிச்சீங்களா?"

சாமுவேல் என் பக்கம் திரும்பவே இல்லை. "எரிச்சிட்டோம் சார். சாம்பல சொர்ணமுகி ஆத்துல கரைச்சிட்டோம்."

அதுவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உன் பேரை மாற்றினார்கள், உன் சிலுவையை மறைத்தார்கள், இப்போது உன் உடம்பும் இல்லை, நீ படுத்திருக்கிற மண்ணும் இல்லை என்றாகிவிட்டது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"எரிக்கல சார். பொதைச்சோம். ஏரிக்கரைக்குக் கீழ, வேப்பமரத்துக்கு வடக்கால. மழ பேஞ்சிக்கினு இருந்தது. நாலு பேரு குழி வெட்டினாங்க, அதுல ஒருத்தன் இவன்."

ஆர்.ஐ. பேனாவை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "காது கேக்காதுன்னீங்க?"

"நல்லா கேக்கும் சார். பொண்டாட்டிய எரிச்சாச்சின்னு பக்கத்துல ஒருத்தன் சொன்னா, செவுடனுக்கும் கேக்கும்."

வெளியே யாரோ சிரித்தார்கள். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மீரு சர்ச்சிக்கி போதாரா, பெத்தாயனா?"

"போறேன். எம்பேரு யாக்கோபு. காகிதத்துல எல்லப்பன்னு இருக்கும், அதுவும் நான்தான். அவ பேரு எஸ்தர்."

"யோசிச்சி சொல்லுங்க. நான் எழுதிட்டா அப்புறம் அடிச்சித் திருத்தமாட்டேன்."

"எழுதுங்க. ஆனா பாதி எழுதாதீங்க, முழுசா எழுதுங்க."

சொன்னேன். மணியக்காரர் வாசலில் நின்று சொன்னதைச் சொன்னேன். கிணறு, வேலை, தனிப் பந்தி, எங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய சுடுகாடு, எல்லாவற்றையும் ஆள் பேரோடு, எந்த மாசம் என்பதோடு சொன்னேன். என்னிடம் காகிதம் கிடையாது, அதனால் எதையும் தொலைக்கவில்லை. போனைப் பிடித்திருந்தவன் வாசலிலிருந்து குறுக்கே பேசினான்.

"எங்க தாத்தா எப்பவோ பேசினதுக்கு நானா பொறுப்பு?"

"அவரு எங்கைய அவரு சாமிக்குன்னு புடிச்சி இழுத்தாரு. நீ எம் பேத்தி காலப் புடிச்சி இழுக்குற. புடிக்கிறது ஒரே வீட்டுக் கைதான்யா" என்றேன். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆர்.ஐ. எழுதியது இரண்டு வரி. மையை நீட்டினார். படித்துக் காட்டச் சொன்னேன். தெலுங்கில் படித்தார். சர்ச்சுக்குப் போவதாக ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. மற்றது ஒன்றும் இல்லை.

"மீதி எங்க சார்?"

"அதுக்கெல்லாம் ஃபாரத்துல எடம் இல்ல பெத்தாயனா."

"பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்குது?"

ஒருமுறை ஏமாந்து வைத்த விரல் இது. இந்தத் தடவை பின்பக்கம் முழுக்க எழுதி, அதையும் படித்துக் காட்டிய பிறகுதான் வைத்தேன். தனிப் பந்தியை விட்டுவிட்டார், அதைச் சொல்லிச் சேர்க்க வைத்தேன். போகும்போது அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஊரில் சிலர் என்னைப் பெரிய விசுவாசவீரன் என்கிறார்கள். நீ நம்பாதே. சுகுணா மூன்று நாள் என் பக்கம் திரும்பவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"தாத்தா, நீ உண்மையதான் பேசின. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எதும்மா?"

"சீட்டு என்னுது. நைனா என்ன கேக்காம ஆயா சிலுவைய புடுங்குச்சி. நீ என்ன கேக்காம எஞ் சீட்ட புடுங்கின. ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?"

அன்றைக்கு ஜாத்திரையில் நம் பட்டினியை நாமே தேர்ந்தெடுத்தோம். இங்கே என் தைரியத்துக்கு விலை அவள் கொடுக்கிறாள். அப்படியென்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா? நீ சாம்பலாகி ஆற்றில் போனாய் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? முந்தின ராத்திரியே பேத்தியைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பேசியிருப்பாய் என்று தோன்றுகிறது. எனக்கு அது தோன்றவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண்பிள்ளையை, உன் ஆண்டவரா உன் படிப்பா என்று நடுவீட்டில் நிறுத்திக் கேட்கிறார்களே, அது யார் தப்பு? அதை யாராவது ஒத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் சாமுவேல் பரணிலிருந்து சாக்கை இறக்கினான். சிலுவையைத் துடைத்து, உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். பெருமாள் படத்தை மரியாதையாகப் பக்கத்து வீட்டு முனியம்மாவுக்குக் கொடுத்துவிட்டான். என்னோடு இன்னும் பேசவில்லை. நானே சிலுவையைத் தூக்கிப் போய் நட்டுவிடலாம், எனக்கு அந்த அளவுக்குத் தெம்பு இருக்கிறது. நட மாட்டேன். பிடுங்கியவன் நடட்டும்.

முன்பு எதற்கெடுத்தாலும் சித்தூருக்கு ஓடுவோம். இப்போது ஜில்லாவைப் பிரித்துவிட்டார்கள், திருப்பதியில்தான் பெரிய விசாரணை. எனக்கும் சுகுணாவுக்கும் சேர்த்து நோட்டீஸ் வந்திருக்கிறது. சீட்டு இருக்குமா போகுமா என்பது அங்கே தெரியும். "எனக்கு நான் பேசிக்கிறேன் தாத்தா, நீ குறுக்க வராதே" என்கிறாள். என்ன பேசுவாள் என்று அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் எஸ்தர். அவள் என்ன சொன்னாலும், எனக்குப் பிடிக்காததைச் சொன்னாலும், நான் குறுக்கே பேச மாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவேன். சீட்டு போனால் அவளை வேறு எங்கே படிக்க வைப்பது என்று ஊர் ஊராக அலைவேன். என் முறை வந்து என்னைக் கேட்டால், என் பெண்சாதி பேர் எஸ்தர் என்று சொல்வேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், எழுந்து வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து இடத்தைக் காட்டுவேன்.

உன் புருஷன்,
யாக்கோபு
(பேருக்குப் பக்கத்தில் இருக்கிற விரல் ரேகையும் என்னுடையதுதான். லில்லி முழுதும் படித்துக் காட்டிய பிறகு வைத்தது.)